சேர்வதற்கு முன்பே தேட வேண்டிய பணம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. அவசரமில்லை. பொண்ணு பிளஸ் டூ முடித்துவிட்டாள். அண்ணன் திருப்பூரிலிருந்து அனுப்புகிற பணமும் நீங்கள் பீடி சுற்றிச் சேர்க்கிற பணமும் வீட்டுக்கே சரியாகப் போய்விடுகிறது. "எப்படியாவது ஒரு காலேஜில் சேர்த்துவிடுவோம், சேர்த்த பிறகு ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடுவோம்" என்றீர்கள். அந்தச் "சேர்த்த பிறகு" என்ற சொல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எந்தக் கல்லூரியில், எந்த ஒதுக்கீட்டில் இடம் வாங்குகிறோம் என்பதை வைத்துத்தான் பெரிய உதவிகள் எல்லாம் வருகின்றன. இடத்தை வாங்கிவிட்டு உதவியைத் தேடினால், பல கதவுகள் அதற்குள் மூடியிருக்கும்.

முதலில் இந்த ஒதுக்கீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டு வழியில் இடம் கிடைக்கும். கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் கிடைப்பது ஒன்று, கல்லூரி நிர்வாகம் நேரடியாகத் தருவது இன்னொன்று. உட்காரும் பெஞ்சு ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். ஆனால் முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆகிய மூன்றும் கலந்தாய்வு வழியாகப் போனவர்களுக்குத்தான். மே மாதத்தில் வீடு தேடி ஆட்கள் வருவார்கள். "இப்போதே பத்தாயிரம் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்பார்கள். அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது நிர்வாக ஒதுக்கீடு. அந்த ஒரு கையெழுத்தில் நான்கு வருடக் கட்டணமும் உங்கள் தலையில் வந்துவிடும். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு மூலச் சான்றிதழ்களை உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் பொண்ணு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள். இதன் மதிப்பு உங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசு ஏற்கிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். இதற்குப் பள்ளியில் ஒரு சான்று வாங்க வேண்டும், விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று குறிக்க வேண்டும். கணினி மையத்தில் அவசரமாகத் தட்டுகிற தம்பி அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால், நான்கு வருடப் பணம் ஒரு கிளிக்கில் போய்விடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பொண்ணையே வாசிக்கச் சொல்லுங்கள்.

7.5-இல் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் கிடைத்தால் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த் துறை தரும் சான்று அது. 2010-இல் தொடங்கிய திட்டம். சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. தனியார் பொறியியல் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தில் கழியும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இது. பொண்ணுக்கு வாங்கினால் பத்தாவது படிக்கிற பையனுக்குக் கிடைக்காது. எனவே அவளுக்கு 7.5-இல் இடம் கிடைத்து முழுக் கட்டணத்தையும் அரசு கட்டிவிட்டால், அவள் பெயரில் இந்தச் சலுகையையும் கேட்டு வீணாக்க வேண்டாம்.

அடுத்து, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையார் பெயரில் 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத்தான் பணம் கொடுத்துவந்தார்கள். அந்தப் பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ, படிப்பு முடிகிறவரை மாதம் ஆயிரம் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். இதுதான் பலருக்குத் தெரிவதில்லை, "அதை வாங்கினால் இது நின்றுபோகும்" என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் வந்தது. உங்கள் பையனையும் பன்னிரண்டு முடிகிறவரை அரசுப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொண்ணோடு எப்போதும் வருவாளே, அந்தத் தோழிக்கும் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். அவள் ஆதிதிராவிடர். அவளுக்கு வழி இன்னும் தெளிவாக இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர் அம்பேத்கர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினரானதும் பட்டியல் சாதிப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1944-இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்றும் நடக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேட்கும்போது அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்த வேண்டியதே இல்லை. இந்தத் தொகை இப்போது மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது. வந்த பணத்தில் கல்லூரிக்குரிய கட்டணத்தை உடனே கட்டிவிட வேண்டும். கணக்கில் பணத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து நிற்கும், எடுத்துவிடுவார்கள். பிறகு தேர்வு நேரத்தில் கல்லூரி கேட்கும்போது தவித்துப்போவார்கள். அவள் அம்மாவிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் பொண்ணு பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகளுக்கு வருமான நிபந்தனை இல்லாமலே உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் யூமிஸ் என்ற இணையதளத்தில் அவளுக்கு ஓர் எண் தருவார்கள். மாநில அரசின் உதவித்தொகை விண்ணப்பங்கள் அந்த எண்ணில்தான் நகரும். அந்த எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறிய தொகைகள்தான். பஸ் பாஸ் இலவசம். தினமும் போய்வர முடியாத தூரம் என்றால் அரசு விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் என்று இருந்தவற்றை 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுத் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நிற்பது இந்த இரண்டால்தான். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பக்கத்தில் அரசு விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். உதவித்தொகை தேடுவதில் இதுவும் சேர்த்தி.

மத்திய அரசின் உதவிகள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லிக் குழப்ப மாட்டேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் பீடித் தொழிலாளி. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கிறீர்களே, அதைக் காட்டி ரேஷன் கடையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒருமுறை வருத்தப்பட்டீர்கள். பிள்ளைகள் படிப்புக்கு மத்தியத் தொழிலாளர் துறை அந்த அட்டையின் பேரில் உதவி தருகிறது. தொழிற்படிப்பு என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை. தென்காசி, திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்த அட்டை பெட்டியில் கிடக்கிறது. பையனுக்கும் இதைப் போடலாம், கல்லூரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பிரகதி. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் படிப்பில் முதல் வருடம் சேரும் பெண்களுக்கு வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். போட்டி உண்டு, மதிப்பெண் பார்த்துத்தான் தருவார்கள். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஸ்வநாத் என்று இதே தொகையில் இரண்டு உண்டு. தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. பட்டப்படிப்பின் மூன்று வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. வருமான வரம்பு 4.5 லட்சம். இங்கே "80" என்ற எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். எண்பது சதவீத மதிப்பெண் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த வருடம், அந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் மேலே இருக்கிற ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். இதை வாங்குகிறவர்கள் வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கக் கூடாது. ஆகவே எது பெரியது என்று கணக்குப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொரு டீ சொல்லட்டுமா? இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போகிற பிள்ளைகளில் நிறையப் பேர் தாளில்தான் சறுக்குகிறார்கள். முதல் சறுக்கல் பெயர். நம் ஊரில் இனிஷியல் வைத்துக்கொள்கிறோம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வங்கியில் இனிஷியலே இருக்காது. மனிதர் பார்த்தால் மூன்றும் ஒரே பிள்ளைதான். இயந்திரத்துக்கு அவை மூன்று பேர். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலை. ஆகவே அதில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிக் கொடுங்கள். ஆதாரோடு எந்தக் கைபேசி எண் சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அண்ணனின் எண் என்றால் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் திருப்பூருக்குப் போகும். அவர் மில்லில் ஷிப்டில் இருப்பார், இங்கே விண்ணப்பம் பாதியில் நிற்கும்.

இரண்டாவது சறுக்கல் வங்கி. "ஆதார் வங்கியில் சேர்த்தாயிற்று" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குத் தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுத்திருப்பார்கள், அது வேறு. அரசுப் பணம் வந்து விழுவதற்காக ஆதார் எண்ணை ஒரு வங்கியோடு இணைத்து, தேசியக் கட்டணக் கழகம் என்ற என்.பி.சி.ஐ.யில் பதிவு செய்வது வேறு. வீடு மாறியவர் தபால்காரரிடம் கடைசியாக எந்த விலாசம் சொன்னாரோ அங்கேதான் கடிதம் போகும், அதுபோல கடைசியாக எந்த வங்கியில் இந்த இணைப்பைச் செய்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண் வேறாக இருந்தாலும் அப்படித்தான். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்கில் இணைப்பு இருக்கும். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாததால் அந்தக் கணக்கு முடங்கியிருக்கும். சிறுவர் கணக்காக இருந்து, பதினெட்டு வயதான பிறகு மாற்றாமல் விட்டிருப்பார்கள். பணம் போய் முட்டித் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சரியில்லை என்றால் வங்கிக்குப் போய் "நேரடி மானியத்துக்கு ஆதார் இணைக்க வேண்டும்" என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். வங்கியில் அலையவைத்தால் தபால் நிலையத்தில் அஞ்சல் வங்கிக் கணக்குத் தொடங்கி அதில் இணைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வருமானச் சான்று. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் ஏற்கெனவே இருக்கும். வருமானச் சான்றையும் முதல் பட்டதாரிச் சான்றையும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது, கிராம நிர்வாக அலுவலர் மேஜையில் மனுக்கள் குவிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதவில்லை என்றால்தான் கல்விக் கடனைப் பற்றி யோசிக்க வேண்டும். கடன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வட்டி புரிந்து வாங்குங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வருடம் ஒரு லட்சமாக நான்கு வருடம் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில், தவணை தொடங்குகிற அன்று 1,40,000 ரூபாய் வட்டியே சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரத் தரச் சான்று பெற்ற கல்லூரியில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படித்தால் இந்த வட்டியை மத்திய அரசு கட்டும். வங்கி அதைக் கோரிப் பெற வேண்டும், நீங்கள் வருமானச் சான்றைக் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது உங்கள் கடனோடு சேர்ந்துவிடும். தரவரிசையில் உள்ள கல்லூரி என்றால் 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமலே கடன் உண்டு. "உங்கள் ஊர் எங்கள் கிளைப் பகுதியில் வராது" என்று சொல்லி மனுவைத் திருப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

தனியார் உதவிகளும் இருக்கின்றன. நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம், அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. ரிலையன்ஸ் பவுண்டேஷன் பட்டப்படிப்பு முடிகிறவரை மொத்தம் 2 லட்சம் வரை தருகிறது, அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர்கள் வைத்த அறக்கட்டளைப் பணம் இருக்கும், அலுவலகத்தில் கேட்டால்தான் சொல்வார்கள். உதவித்தொகை வாங்கித் தர முன்பணம் கேட்கிறவரிடமும் ஓ.டி.பி. கேட்கிறவரிடமும் பேச்சைத் தொடராதீர்கள்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பாளர் ஒருவர் முதலில் சரிபார்ப்பார், பிறகு மாவட்டத்திலோ மாநிலத்திலோ சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், குறித்த தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். பொண்ணு பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பார்க்கட்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் அடுத்த வருடம் தொடரும். எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் கல்லூரிப் பொறுப்பாளர், அடுத்து மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம். அங்கேயும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். மனுவில் கதை எழுத வேண்டாம். யூமிஸ் எண், விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, வங்கி இணைப்பு நிலையின் நகல் ஆகிய நான்கையும் வைத்துக் கொடுத்துவிட்டு, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.